லெட்டர்மோர் காட்டில் ஒரு வேட்டு: ஜேம்ஸ் ஸ்டூவர்ட் வழக்கு, 1752

1752 மே 14, வியாழக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் லின்னி என்ற கடல்கழியை ஒட்டிய லெட்டர்மோர் காட்டுப் பாதையில் நான்கு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். முக்கியமானவர் காலின் கேம்பெல். அவருடைய நிலத்தின் பெயரால் எல்லோரும் அவரை க்ளென்யூர் என்பார்கள். கூட வந்தவர்கள் மூன்று பேர்: எடின்பரோவில் வக்கீல் தொழில் பார்த்த உறவுப் பையன் மங்கோ கேம்பெல், டொனால்ட் கென்னடி என்ற அமீனா, ஜான் மெக்கன்சி என்ற வேலைக்காரர்.

பாதை குறுகல். மங்கோ கொஞ்சம் முன்னால் போய்விட்டார். பின்னால் ஒரு வேட்டுச் சத்தம். க்ளென்யூரின் முதுகில் இரண்டு குண்டுகள். செத்தேன் என்று கத்தியவர், அடுத்த குண்டு உனக்குத்தான், ஓடிவிடு என்று மங்கோவை எச்சரித்தார். மங்கோ திரும்பி வந்து மேட்டில் ஏறிப் பார்த்தபோது, குட்டையான கருநிறக் கோட்டு போட்ட ஒரு ஆள் கையில் துப்பாக்கியோடு மலை ஏறிப் போவது தெரிந்தது. முகம் தெரியவில்லை. சற்று நேரத்தில் க்ளென்யூர் உயிரை விட்டார்.

ஆறு மாதம் முடிவதற்குள் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற விவசாயி இதற்காகத் தூக்கில் போடப்பட்டார். துப்பாக்கியைப் பிடித்தது அவர் என்று அரசுத் தரப்போ ஜூரியோ நீதிபதியோ ஒருபோதும் சொல்லவில்லை என்பதுதான் இந்த வழக்கின் விசேஷம். சுட்டது யார் என்ற கேள்வியைச் சுற்றி எழுதப்பட்டவை ஏராளம். எனக்கு அதைவிட, சுடாதவர் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒருவரைச் சட்டத்தின் படிகளில் ஒவ்வொன்றாக ஏற்றித் தூக்குமேடைவரை எப்படிக் கொண்டுபோனார்கள் என்பதுதான் ஆச்சரியம். அதை வைத்து 134 வருஷம் கழித்து ஒரு நாவலாசிரியர் என்ன செய்தார் என்பது அடுத்த ஆச்சரியம்.

குத்தகையும் பகையும்

கதை 1746 ஏப்ரல் 16-இல் தொடங்குகிறது. ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மறுபடி அரியணை ஏற்றக் கிளம்பிய ஜேக்கபைட் படை, அன்று கலோடன் மேட்டில் ஒரு மணி நேரத்துக்குள் நொறுங்கியது. லெட்டர்மோர் காடு இருக்கும் அப்பின் பகுதியின் ஸ்டூவர்ட் குலத்தார் அந்தப் படையின் வலது பக்க அணியில் நின்று போரிட்டு, தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களை இழந்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர்ட்ஷீலின் சார்ல்ஸ் ஸ்டூவர்ட் பிரான்ஸுக்குத் தப்பினார். அவருடைய நிலம் பறிமுதல் ஆகி அரசுக்குப் போனது. ஆயுதம் வைத்திருக்கத் தடை வந்தது. மலைநாட்டு உடை உடுத்தவும் தடை வந்தது.

நிலம் அரசுடையது என்றாலும் குடியானவர்களின் மனம் மாறவில்லை. அரசுக்கு ஒரு குத்தகை கட்டிவிட்டு, பிரான்ஸில் இருந்த பழைய எசமான் குடும்பத்துக்கு இன்னொரு குத்தகையைத் திருட்டுத்தனமாக அனுப்பினார்கள். அதைத் திரட்டி அனுப்பியவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். ஆர்ட்ஷீலுக்கு அவர் சகோதர முறை: தகப்பன் ஒருவர், தாய் வேறு, கல்யாண உறவுக்கு வெளியே பிறந்தவர். கையில் பதவி எதுவும் கிடையாது. ஆனால் நிலத்தில் ஒரு பிரச்சினை என்றால் ஜனங்கள் தேடிப் போனது அவரைத்தான்.

1749-இல் அரசு இந்த நிலங்களுக்குக் காரியஸ்தராக க்ளென்யூரை நியமித்தது. கேம்பெல் குலம் ஆளும் தரப்பின் தூண். அப்பின் ஸ்டூவர்ட்களுக்குப் பரம்பரைப் பகை. இதோடு நிறுத்தினால் நல்லவன், கெட்டவன் கதையாகிவிடும். க்ளென்யூரின் தாய் ஜேக்கபைட்களின் முன்னணிக் குலமான கேமரன் குடும்பத்துப் பெண். ஆரம்பத்தில் அவர் ஜேம்ஸையே துணைக்கு வைத்துக்கொண்டுதான் குத்தகை வசூலித்தார். இருவருக்கும் முகம் கொடுத்துப் பேசும் பழக்கம் இருந்தது. மேலே இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பறிமுதல் நிலங்களில் எதிரிகளுக்கே வேலை கொடுக்கிறார்கள் என்று லண்டன் அரசியலில் புகார் கிளம்பியது. க்ளென்யூர் தன் விசுவாசத்தைக் காட்டியாக வேண்டிய நிலை வந்தது. முதலில் ஜேம்ஸ் தான் உழுதுகொண்டிருந்த பண்ணையை விட்டு ஆஹார்ன் என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்தார். அப்புறம், ஆர்ட்ஷீல் நிலத்துக் குடியானவர்கள் சிலர் 1752 மே 15 அன்று காலிசெய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது.

ஜேம்ஸ் இதை எதிர்த்த விதத்தைக் கவனியுங்கள். எடின்பரோவுக்குப் போனார், வக்கீல் வைத்தார், தடையுத்தரவு வாங்கினார். க்ளென்யூரும் எடின்பரோவுக்குப் போய் அதை உடைத்தார். மே முதல் வாரத்தில் வேறொரு நீதிபதி மனுவைத் தள்ளிவிட்டார். சரி, 15-ஆம் தேதி அமீனா வரும்போது பக்கத்தில் ஒரு நோட்டரி நின்று ஆட்சேபம் பதிவு செய்யட்டும், மேற்கொண்டு வழக்காடலாம் என்று ஜேம்ஸ் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். நாளைக் காலைக்கு நோட்டரியை அழைக்கிற மனுஷன் இன்றைக்குச் சாயங்காலம் கொலைக்கு ஏற்பாடு செய்வானா? பிறகு விசாரணையில் ஜேம்ஸின் வக்கீல்கள் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். பதில் வரவில்லை.

சம்பவத்தன்று க்ளென்யூர் கேமரன் நாட்டுப் பக்கம் வேலையை முடித்துக்கொண்டு, பல்லஹூலிஷ் துறையில் படகேறி இக்கரைக்கு வந்தார். தாய்வழி நாட்டைத் தாண்டியாயிற்று, இனி எனக்குப் பயமில்லை என்று சொன்னதாக அந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. நடந்ததை வைத்துப் பின்னால் கட்டிய பேச்சாகவும் இருக்கலாம்.

கோட்டு, தூண்டில், ஐந்து கினி

சந்தேகம் உடனே ஒரு பெயரில் போய் நின்றது: ஆலன் பிரெக் ஸ்டூவர்ட். முகத்தில் அம்மைத் தழும்பு. அரசுப் படையில் சேர்ந்து, 1745-இல் பிரெஸ்டன்பான்ஸ் போரில் பக்கம் மாறி, பிறகு பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர். சிறுவயதில் தகப்பன் இறந்ததும் அவரை வளர்த்தவர் ஜேம்ஸ். அந்த வசந்தத்தில் அவர் அப்பினில் உறவினர் வீடுகளில் தங்கி, போகிற இடத்திலெல்லாம் குடித்துவிட்டு க்ளென்யூரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மே 11, திங்கட்கிழமை ஆலன் ஆஹார்னுக்கு வந்தார். பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த நீலக் கோட்டையும் சிவப்பு உள்சட்டையும் கழற்றிவிட்டு, அங்கே கிடந்த ஜேம்ஸின் உடைகளை மாட்டிக்கொண்டார். வெள்ளிப் பித்தான் வைத்த, குட்டையான கருநிறக் கோட்டு. ஜேம்ஸ் அப்போது வயலில் இருந்தார். இருவரும் தனியாகப் பேசிக்கொண்டதாக எந்தச் சாட்சியும் சொல்லவில்லை. 14-ஆம் தேதி ஆலன் பல்லஹூலிஷ் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். க்ளென்யூர் துறையைக் கடந்தாயிற்றா என்று அவர் தன்னிடம் விசாரித்ததாகப் படகோட்டி சாட்சி சொன்னார். வேட்டுக்குப் பிறகு ஆலன் க்ளென்கோ வழியாக மலைக்குள் மறைந்தார்.

சேதி ஆஹார்னுக்கு வந்தபோது ஜேம்ஸ் கையைப் பிசைந்துகொண்டு, யார் செய்திருந்தாலும் கஷ்டப்படப்போவது நான்தான் என்றாராம். அன்றிரவே வீட்டிலிருந்த துப்பாக்கிகளையும் வாள்களையும் ஒளித்து வைக்கச் சொன்னார். அரசுத் தரப்பு இதைக் குற்ற உணர்ச்சியின் அடையாளமாகக் காட்டியது. ஆயுதமே வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் அமலில் இருந்த ஊரில், நாளை விடிந்தால் பட்டாளம் வீட்டைச் சோதிக்கும் என்று தெரிந்தவன் வேறு என்ன செய்வான்? கிடைத்த துப்பாக்கிகளும் ஓட்டை உடைசல். ஒரு ஆளைக் குறிவைத்துச் சுட அவற்றை நம்பி எடுத்துப் போயிருப்பார்களா என்பதே சந்தேகம்.

ஜேம்ஸை உண்மையில் சிக்க வைத்தது அதற்கு அடுத்த சில நாட்கள். மலையில் ஒளிந்திருந்த ஆலனுக்கு அவருடைய பிரெஞ்சு உடைகளும் ஐந்து கினி பணமும் போய்ச் சேர்ந்தன. கொண்டுபோனவர் ஒரு தலைச்சுமை வியாபாரி. அனுப்பியது ஜேம்ஸ் குடும்பம். இதை யாரும் மறுக்கவில்லை.

இங்கே ஒரு சாட்சியத்தை நின்று பார்க்க வேண்டும். ஆலன் ஒளிந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் மாடு மேய்த்த ஜான் பிரெக் மெக்கால் கூண்டில் ஏறிச் சொன்னது இது. பணம் கேட்டுக் கடிதம் எழுத ஆலனிடம் பேனாவும் இல்லை, மையும் இல்லை. மரங்களுக்கு நடுவே தேடி, ஒரு காட்டுப்புறாவின் இறகைக் கண்டெடுத்துச் சீவிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்த வெடிமருந்துக் கொம்பைத் திறந்து, மருந்தைக் கரைத்து மை செய்தார். எழுதிக் கொடுத்தார். நீதிமன்றத்தைப் பொறுத்தவரை இது உடந்தைக்கு ஒரு சான்று. ஆனால் இதைப் படிக்கிற எவருக்கும், தேடப்படும் ஒரு மனிதன் ஈரக்காட்டில் குந்தியிருப்பது கண்ணில் தெரியும். நீதிமன்றப் பதிவிலிருந்து இப்படி ஒரு காட்சி கிடைப்பது அபூர்வம்.

ஆகக் கையில் இருந்தது இவ்வளவுதான்: பழைய விரோதம், குடித்துவிட்டுப் பேசிய பேச்சு, இரவல் கோட்டு, தப்பியோடியவனுக்குக் கொடுத்த பணம். தப்பியோட உதவியது ஒரு குற்றம் என்று வைத்துக்கொண்டாலும், அது கொலைக்குப் பிந்தைய குற்றம். கொலைக்கு முன்பே ஜேம்ஸுக்குத் தெரியும், அவர் தூண்டினார் என்பதற்கு நேரடியான சாட்சியம் ஒன்றுமே கிடையாது.

இன்வெரரி விசாரணை

மே 16-இல் ஜேம்ஸைக் கைது செய்து ஃபோர்ட் வில்லியம் கோட்டையில் அடைத்தார்கள். வாரக்கணக்கில் வக்கீல் உட்பட யாரையும் பார்க்க விடவில்லை. மனைவியும் பிள்ளைகளும் விசாரிக்கப்பட்டார்கள். வீட்டுக் காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். விசாரணையைத் தலைநகர் எடின்பரோவில் நடத்தியிருக்கலாம். இன்வெரரி என்று முடிவாயிற்று. இன்வெரரி கேம்பெல் குலத் தலைவரான ஆர்கைல் கோமகனின் அரண்மனை ஊர்.

பிரிட்டன் பழைய நாட்காட்டியை விட்டுப் புதியதற்கு மாறியது விசாரணை நடந்த அதே மாதம்தான். செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 என்று ஆயிற்று. நாடே பதினொரு நாளைத் தொலைத்திருந்த நேரத்தில், புது நாட்காட்டியின் எட்டாவது நாளான செப்டம்பர் 21, வியாழக்கிழமை வழக்கு தொடங்கியது.

தலைமை நீதிபதியாக உட்கார்ந்தவர் ஆர்கைல் கோமகன் ஆர்ச்சிபால்ட் கேம்பெல். பதவியின்படி அவருக்கு அந்த நாற்காலியில் உட்கார உரிமை உண்டு. ஆனாலும் இறந்தவர் அவர் குலத்தவர். பக்கத்தில் எல்கீஸ், கில்கெரன் என்று தொழில்முறை நீதிபதிகள் இருவர். அரசுத் தரப்பில் வாதாட, நாட்டின் தலைமை அரசு வழக்கறிஞர் பிரெஸ்டன்கிரேஞ்சின் வில்லியம் கிராண்ட் தானே மலைநாட்டுக்குக் கிளம்பி வந்தார். ஒரு சர்க்யூட் கோர்ட்டுக்கு அந்தப் பதவியில் இருப்பவர் வருவது வழக்கமே இல்லை. ஜூரியில் பதினைந்து பேர். அதில் பதினொரு பேர் கேம்பெல்கள்.

ஜேம்ஸுக்கு வக்கீல் இல்லாமல் இல்லை. நான்கு பேர், திறமைசாலிகள், சளைக்காமல் வாதாடினார்கள். அவர்களின் முக்கியமான வாதம் சட்டம் சார்ந்தது. பிரதான குற்றவாளி ஆலன் என்கிறீர்கள். அவர் குற்றவாளி என்று இன்னும் எந்த ஜூரியும் சொல்லவில்லை. முதல் குற்றமே நிரூபணம் ஆகாதபோது அதற்கு உடந்தை என்று இன்னொருவரை எப்படித் தண்டிப்பீர்கள்? நீதிமன்றம் இதற்கு ஒரு சுலப வழி கண்டது. ஆலன் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆள் வரவில்லை. தலைமறைவானவர் என்று அறிவித்தார்கள். வழக்கு நடந்தது. வராமல் இருப்பதும் குற்றவாளி என்று தீர்ப்பாவதும் ஒன்றல்ல என்பது அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொரு வக்கீலுக்கும் தெரியும். ஜேம்ஸின் விதி முடிவானது அந்த இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். சாட்சிகள் வந்தது அதற்கு அப்புறம்தான்.

சாட்சி விசாரணை வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி, நடுவில் கலையாமல் ஞாயிற்றுக்கிழமை காலைவரை ஓடியது. சாட்சிகளில் பலருக்கு மலைநாட்டு மொழியான கேலிக் மட்டும்தான் தெரியும். மொழிபெயர்ப்பாளர்கள் வழியாகப் பேசினார்கள். கடைசிக் கட்டத்தில் ஜேம்ஸின் வக்கீல் ஜூரியைப் பார்த்துத் தன் வாதத்தைத் தொகுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஜூரியிலிருந்த ஒரு கேம்பெல், சீக்கிரம் முடியுங்கள், கேட்டது போதும், களைத்துப் போய்விட்டோம் என்று குறுக்கிட்டார். ஒரு மனிதனின் உயிருக்காகப் பேசும் பேச்சை ஜூரி உறுப்பினரே அறுக்கிறார்.

தீர்ப்பு திங்கட்கிழமை வந்தது. ஸ்காட்லாந்து ஜூரிக்கு அன்று மூன்று வழிகள் இருந்தன: குற்றவாளி, குற்றமற்றவர், நிரூபிக்கப்படவில்லை. மூன்றாவது வழி இப்படிப்பட்ட வழக்குகளுக்காகவே இருப்பதுபோலத் தோன்றும். ஜூரி முதலாவதைத் தேர்ந்தெடுத்தது. கொலைக்கு உடந்தை.

தண்டனையை அறிவித்த பிறகு கோமகன் நீளமாகப் பேசினார். அந்தப் பேச்சில் கொலை கொஞ்சம்தான் வருகிறது, 1745 கலகம் நிறைய வருகிறது. அன்று உங்கள் தரப்பு ஜெயித்திருந்தால், இன்று தீர்ப்புக் கேட்டு நிற்கிற இடத்தில் நீங்களே சட்டம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள் என்ற பொருளில் ஒரு வாக்கியம் உண்டு. கலோடனுக்கு ஆறு வருஷம் கழித்து, ஒரு கிராமத்து விவசாயியிடம் இதைச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் கேம்பெல்களின் கோபத்தையும் சொல்ல வேண்டும். அரசு வேலையாகப் போன ஒருவரை முதுகில் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். இளம் மனைவி விதவையாகிவிட்டாள், சின்னப் பெண் குழந்தைகள். இதற்கு யாரும் பதில் சொல்லாமல் போனால் அடுத்த காரியஸ்தர் அந்தப் பள்ளத்தாக்கில் கால் வைக்க மாட்டார். அரசுக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது, குடும்பத்துக்கு ஒரு பழி தேவைப்பட்டது. எட்டின இடத்தில் இருந்தவர் ஜேம்ஸ்.

1752 நவம்பர் 8. பல்லஹூலிஷ் படகுத்துறைக்கு மேலே, போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு குன்றில் தூக்குமேடை போட்டிருந்தார்கள். கடும் புயல். ஜேம்ஸ் தான் நிரபராதி என்று எழுதிக் கொண்டுவந்த வாக்குமூலத்தைப் படித்தார். பிறகு 35-ஆம் சங்கீதத்தைச் சொன்னார். ‘கொடுமையான சாட்சிகள் எழும்பி, நான் அறியாததை என்னிடத்தில் கேட்கிறார்கள்’ என்ற வசனம் வருவது அதில்தான். மலைநாட்டில் அதற்கு ஜேம்ஸின் சங்கீதம் என்றே பெயர் வந்துவிட்டது. உடலை இறக்கவில்லை. சிப்பாய்கள் காவல் இருந்தார்கள். 1755 ஜனவரியில் எலும்புகள் காற்றில் கீழே விழுந்தபோது, கம்பியால் கட்டி மறுபடி மாட்டினார்கள்.

நாவலாசிரியர் எடுத்த வழக்கு

‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் சட்டம் படித்தவர். 1875-இல் எடின்பரோவில் வக்கீலாகப் பதிவும் செய்துகொண்டார். தொழில் நடக்கவில்லை என்பது வேறு விஷயம். இந்த வழக்கின் அச்சிட்ட விசாரணைப் பதிவு அவர் கைக்கு வந்தது. அதிலிருந்து 1886-இல் ‘கிட்னாப்டு’ வந்தது. முதலில் சிறுவர் பத்திரிகை ஒன்றில் தொடராக, அப்புறம் புத்தகமாக.

கதைப்படி, டேவிட் பால்ஃபோர் என்ற தாழ்நாட்டுப் பையன் காட்டுப் பாதையில் க்ளென்யூரை நிறுத்தி, ஜேம்ஸ் ஸ்டூவர்ட் வீட்டுக்கு வழி கேட்கிறான். அந்த நொடியில் வேட்டு. வழி கேட்டு நிறுத்தியவனும் சதியில் ஒருவன் என்று அவனையே துரத்துகிறார்கள். மரத்தடியில் தூண்டிலோடு ஆலன் பிரெக் நிற்கிறார்.

ஸ்டீவன்சன் சாட்சியங்களை என்ன செய்திருக்கிறார் என்று கவனித்தால், வக்கீல் புத்தி போகவில்லை என்பது தெரியும். அன்றைய தேடுதல் விவரிப்பில் ஆலன் ஏறக்குறைய 5 அடி 10 அங்குல உயரம். அந்தக் காலத்துக்கு நல்ல உயரம். கூன் தட்டிய தோள், உள்ளே வளைந்த முழங்கால். நாவலின் ஆலன் குள்ளமான, துடிப்பான ஆள். விசாரணையில் ஆலன் கொலைக்கு மூன்று நாள் முன்பே பிரெஞ்சு உடையைக் கழற்றிவிட்டார். நாவலில் கொலை நடக்கும்போதும் அதே நீலக் கோட்டோடு திரிகிறார். அதைப் புதைத்துவிடு என்று பிறகு ஜேம்ஸ் கெஞ்சினாலும் கேட்பதில்லை. மலை ஏறி ஓடுகிறவனை டேவிட் பார்க்கிறான்: பெரிய உருவம், கறுப்புக் கோட்டு, உலோகப் பித்தான். அதாவது, அரசுத் தரப்பின் முக்கியமான தடயமான அந்தக் கோட்டு, ஸ்டீவன்சன் கையில் ஆலனை விடுவிக்கிற தடயமாக மாறிவிட்டது. உயரம் ஒத்துப்போகவில்லை, நிறம் ஒத்துப்போகவில்லை, எங்கள் கட்சிக்காரர் அவரல்ல. இன்வெரரியில் நான்கு வக்கீல்களால் முடியாததை ஒரு பத்தியில் முடித்துவிட்டார்.

அந்த ஆள் யார், கோட்டு என்ன நிறம் என்று டேவிட் கேட்கும்போது ஆலன் சொல்லும் பதில்கள்தான் எனக்கு நாவலிலேயே பிடித்த இடம். கறுப்புக் கோட்டு என்று டேவிட் சொல்கிறான். நீலம் என்று என் மண்டையில் ஏதோ உறுத்துகிறது என்கிறார் ஆலன். மறப்பதில் தனக்கு அபாரமான ஞாபகசக்தி என்றும் சொல்கிறார். அவருக்குத் தெரியும். சொல்ல மாட்டார். ஒரு ஊரே இருநூறு வருஷத்துக்கு மேல் காட்டிய மனோபாவத்தை ஸ்டீவன்சன் ஒரு பேச்சில் பிடித்துவிட்டார். காட்டுப்புறா இறகையும் வெடிமருந்து மையையும் அவர் விடவில்லை; அவை பெரிய மாற்றமில்லாமல் நாவலில் இருக்கின்றன.

கொலை வருஷத்தை மட்டும் 1751 என்று மாற்றினார். நண்பர் சார்ல்ஸ் பாக்ஸ்டருக்கு எழுதிய சமர்ப்பணத்தில் அதைத் தானே எடுத்துச் சொல்லி, துல்லியத்தில் எனக்கு அவ்வளவு ஆசையில்லை என்று சிரித்துக் கடந்துவிடுகிறார். சுட்ட ‘அந்த இன்னொருவரின்’ வாரிசுகள் இன்றும் அந்தப் பக்கம் வாழ்கிறார்கள் என்று வேண்டுமானால் கேள்விப்படலாம், பெயரை மட்டும் எப்படி விசாரித்தாலும் சொல்ல மாட்டார்கள் என்பதும் அந்தச் சமர்ப்பணத்தில்தான் வருகிறது.

சமோவாத் தீவில் இருந்துகொண்டு அவர் எழுதிய தொடர்ச்சி 1893-இல் புத்தகமாக வந்தது: ‘கேட்ரியோனா’. அதில் டேவிட் நேராகத் தலைமை அரசு வழக்கறிஞர் பிரெஸ்டன்கிரேஞ்சிடம் போய், ஜேம்ஸ் நிரபராதி, நான் சாட்சி சொல்கிறேன் என்கிறான். பிரெஸ்டன்கிரேஞ்ச் மரியாதையாகப் பேசுகிறார், வீட்டில் தங்க வைக்கிறார், இது அரசியல் வழக்கு என்று ஒளிக்காமல் சொல்கிறார். பையனை பாஸ் ராக் என்ற கடற்பாறையில் சிறை வைக்கிறார்கள். விடுதலையாகி இன்வெரரிக்கு வந்து சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. முதல் நாவலின் ஓட்டம் இதில் கிடையாது. பாதிக்கு மேல் பேச்சுதான். ஆனால் வழக்கைப் புரிந்துகொள்ள இரண்டாவதுதான் உதவும். கெட்டவர் என்று யாருமே இல்லாத அறைகளில், நல்ல மனிதர்கள் பேசிப் பேசியே ஒரு தூக்கை முடிவு செய்வதை அதில் பார்க்கலாம்.

பின்னால் வந்த பேச்சுகள்

நிஜ ஆலன் பிடிபடவே இல்லை. வால்டர் ஸ்காட் ‘ராப் ராய்’ நாவலுக்குப் பின்னாளில் எழுதிய முன்னுரையில், பிரெஞ்சுப் புரட்சி சமயத்தில் தன் நண்பர் ஒருவர் பாரிஸில் கண்ட ஒரு கிழவரைப் பற்றிச் சொல்கிறார். உயரமாக, எலும்பும் தோலுமாக, மார்பில் பிரெஞ்சு ராணுவப் பதக்கத்தோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவர். அவர்தான் ஆலன் பிரெக். ஸ்காட் சொல்லும் கதைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்வது நல்லது. ஆனாலும் உயரம் என்ற விவரம் விசாரணைப் பதிவோடு ஒத்துப்போகிறது.

சுட்டவர் பல்லஹூலிஷ் ஸ்டூவர்ட் குடும்பத்து டொனால்ட் என்பது வெகுகாலமாக உலவும் பேச்சு. ஜேம்ஸ் தூக்கிலிடப்பட்ட நாளில் அவர் போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் இருக்க உறவினர்கள் கட்டிப்போட்டு வைத்தார்களாம். 2001-இல் அந்த வம்சத்து மூதாட்டி ஒருவர், குடும்பத்தில் காத்துவந்த ரகசியம் இதுதான் என்று பத்திரிகைகளிடம் சொன்னார்: இளைஞர்கள் நான்கு பேர் சேர்ந்து திட்டம் போட்டார்கள், குறி தப்பாத டொனால்ட் சுட்டார். செய்தி பரபரப்பானது. தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த ஒரு பெயரை ஆதாரம் என்று ஏற்க எனக்குத் தயக்கம். பேச்சை வைத்து ஆளைக் குற்றவாளியாக்குவதைத்தானே இன்வெரரியிலும் செய்தார்கள்.

செத்தவரைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. ஊரார் சிவப்புக் காலின் என்று அழைத்த மனிதர், நாவல் படித்தவர்களுக்கு ‘செந்நரி’ ஆகிவிட்டார்; கதையில் ஓரிரு பக்கம் வந்து செத்துப்போகிறார். அவருக்காக அழுத கவிதை கேலிக் மொழியில் இருக்கிறது. எழுதியவர் டங்கன் பான் மெக்கின்டைர், அந்த மொழியின் மிகப் பெரிய கவிஞர்களில் ஒருவர். க்ளென்யூருக்கு வளர்ப்புச் சகோதர முறை. அந்த இரங்கற்பாவில் காலின் நல்ல மனிதர், தாராளமானவர், கோழைகள் முதுகில் சுட்ட வீரர். அப்பின் பக்கத்துப் பாட்டி கதைகளில் அவர் கொடுங்கோலர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவர்கள் குறைவு. ஸ்டீவன்சன் ஆங்கிலத்தில் எழுதினார், டங்கன் பான் அப்படி எழுதவில்லை.

1911-இல் தூக்குமேடை இருந்த இடத்தில் ஸ்டூவர்ட் சங்கத்தார் ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள். தான் செய்யாத குற்றத்துக்காக இங்கே தூக்கிலிடப்பட்டார் என்று அதில் பொறித்திருக்கிறது. பல்லஹூலிஷ் பாலத்துக்குப் பக்கத்தில் படியேறிப் போய்ப் பார்க்கலாம். ஆனால் கல்லில் எழுதினால் தீர்ப்பு மாறாது. வழக்கை மறுபடி பார்க்கச் சொல்லி ஸ்காட்லாந்தின் குற்ற வழக்கு மறுபரிசீலனை ஆணையத்துக்கு மனு போனது. இவ்வளவு பழைய வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்புவது நீதியின் நலனுக்கு அவசியமில்லை என்று 2008-இல் ஆணையம் மறுத்துவிட்டது. சட்டப்படி ஜேம்ஸ் ஸ்டூவர்ட் இன்றும் கொலைக்கு உடந்தையானவர்தான்.